ஸ்ரீவில்லிபுத்தூரோடு நின்ற பயணம்

1

ரங்கூனில் நடப்பதற்கு ஏற்ற மாதம் மார்கழி. சித்திரையில் தார் உருகிக் காலில் ஒட்டும். ஆனி பிறந்தால் ஐப்பசி வரை மழை. கார்த்திகை பாதிக்கு மேல்தான் வானம் வெளுத்து, விடியற்காலையில் ஏரியின்மேல் பனி படரும். அந்த ஒன்றரை மாதத்தில் இந்தப் பெரிய பட்டணத்தை வண்டி ஏறாமலே பார்த்துவிடலாம்.

இதை நான் அனுபவத்தில் எழுதுகிறேன். இன்று சர்வஜித்து வருஷம் மார்கழி முதல் ஞாயிற்றுக்கிழமை; இங்கிலீஷ் கணக்கில் 1947 டிசம்பர். ஆறு வருஷத்துக்கு முன் என் மனைவி கோமதிக்காக நான் போட்ட நடைத்திட்டத்தை இன்று மறுபடி நடந்து பார்த்தேன். சூலே பகோடாவுக்குத் தெற்கே அவள் உட்கார்வதற்கென்று குறித்திருந்த சிமெண்டுப் பலகை குண்டு விழுந்ததில் போய்விட்டது. படகுத்துறைப் பக்கம் தண்ணீர்க் குழாய் இருந்த இடத்தில் இரும்புத் துண்டு மட்டும் நிற்கிறது. மற்ற தெருக்களில் மூங்கில் தோரணம் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். தை பிறப்பதற்குள் இந்த நாடு சுதந்திர நாடாகிவிடும். அதற்குப் பிறகு நாங்கள் யார் என்று எங்கள் அலுவலகத்தில் தினமும் பேச்சு. எனக்கு அந்தப் பேச்சில் மனம் போவதில்லை.

பலகை இல்லாததால், அந்த இடத்தில் அவள் வாகைமர வேரில் உட்காரலாம் என்று திருத்தி எழுதிக்கொண்டேன்.

2

நான் ராஜபாளையத்துக்காரன். 1926இல் ரங்கூனுக்கு வந்து ஓர் அரிசி ஆலையில் எழுத்தராகச் சேர்ந்தேன். கோமதி வரவில்லை. தகப்பனாருக்கு அவள் ஒரே பெண். அவர் கை கால் விழுந்து படுத்திருந்தார். 1932இல் எங்கள் மகன் முத்தையாவை மட்டும் படிப்புக்காக அழைத்து வந்தேன். அப்போது அவனுக்கு எட்டு வயது. கப்பலில் அம்மா அம்மா என்று அழுதான். இரண்டு வருஷத்தில் பர்மியப் பிள்ளைகளோடு அவர்கள் பாஷையில் சண்டை போட்டான். பத்தாம் வகுப்புக்கு வந்தபோது பள்ளிக்கூடத்தில் அவனை எல்லோரும் மாங் டின் என்று கூப்பிட்டார்கள். நான் முத்தையா என்று கூப்பிட்டால் அந்தத் தெருவில் அவனைத் தவிர எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள்.

1941 ஆடியில் கோமதியின் தகப்பனார் இறந்தார். இனி அவள் வரலாம். எனக்கு லீவு கிறிஸ்துமஸ் சமயத்தில்தான். பையனுக்கும் அப்போதுதான் விடுமுறை. ஆனால் அந்த வருஷம் பர்மாவுக்குள் வருகிறவர்களுக்கு அனுமதிச் சீட்டு, போட்டோ எல்லாம் வேண்டும் என்று சட்டம் போட்டிருந்தார்கள். கோமதி ஸ்ரீவில்லிபுத்தூர் போய்ப் போட்டோ பிடித்துக்கொண்டு தாலுகா கச்சேரியில் நின்றாள். கூடப் போனவள் அவளுடைய சிநேகிதி ஞானம்மாள். ஸ்ரீவில்லிபுத்தூரில் பெண்கள் பள்ளிக்கூடத்து வாத்தியார், கிறிஸ்தவப் பெண். அன்று நடந்ததைப் பிற்பாடு அவள்தான் சொன்னாள்.

"எதுக்குப் போறேன்னு அந்தக் குமாஸ்தா கேட்டாரு. பிள்ளையப் பாக்கன்னு இவ சொன்னா. அப்படிச் சொன்னா அங்கயே தங்கீருவேன்னு கேள்வி வரும்மா, ஊர் சுத்திப் பாக்கன்னு சொல்லுங்காரு. இவ, ஊர் சுத்துறதுக்கு நான் என்ன கம்பெனி நாடகக்காரியாங்கா. நாந்தான் இடுப்புல கிள்ளி வாய மூட வச்சேன்."

ஆக, சர்க்கார் காகிதப்படி என் மனைவி வருவது பட்டணம் பார்க்க. அப்படியானால் பட்டணத்தைக் காட்டத்தானே வேண்டும். லண்டன், பாரிஸ் என்று பிரயாணப் புத்தகங்கள் எத்தனையோ படித்தவன் நான். குளிர்காலத்தில், கால்நடையாக, ஒரு நாளைக்கு ஒரு பேட்டை என்று பார்ப்பதே நாகரிகம் என்று அந்தத் துரைமார் எழுதியிருந்தார்கள். கோமதிக்கு அது வேறு காரணத்தால் பொருந்தியது. பெட்ரோல் வாடை பட்டால் அவளுக்குக் குடல் புரளும். ஆடிப்பூரத் தேருக்கு ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்கு ஏழு மைலும் நடந்தேதான் போவாள். டிராமோ பஸ்ஸோ ரிக்‌ஷாவோ இல்லாமல் ரங்கூனை அவளுக்குக் காட்டுவது என்று தீர்மானித்தேன்.

ஞாயிறுதோறும் நடந்து பார்த்து இடம் குறித்தேன். எங்கே நிழல், எங்கே குடிதண்ணீர், எங்கே நம்மவர் காப்பிக் கடை, எங்கே கூட்டம் இடிக்காது. தங்கப் பகோடாவில் செருப்பைக் கழற்றிவிட்டு ஏற வேண்டும் என்று எழுதி, பிறகு அடித்தேன். அவளுக்குச் செருப்பே கிடையாது.

ஒருநாள் முத்தையா என் தோளுக்குப் பின்னால் நின்று அதைப் படித்தான். தமிழைக் கூட்டிக்கூட்டித்தான் படிப்பான்.

"ஏரிக்கு நீங்க வேண்டாம் ஐயா. நான் கூட்டிட்டுப் போறேன். நீங்க போனா நின்னு நின்னு வரலாறு சொல்வீங்க. அம்மாவுக்குக் கால் வலிக்கும்."

"சரி, நீயே போ. சாயங்காலம் உன் ஃபுட்பால் மைதானத்துக்கும் கூட்டிட்டுப் போ."

போகத் திரும்பினான். பிறகு கேட்டான்: "அம்மாவை நீங்கன்னு சொல்லணுமா, நீன்னு சொல்லணுமா?"

எந்தப் பிள்ளையும் அதைக் கேட்டு நான் அறிந்ததில்லை. நீ என்று சொல்லலாம் என்றேன்.

3

கப்பல் மார்கழியில். எங்கள் பக்கத்தில் மார்கழியில் பயணம் புறப்படமாட்டார்கள். இதற்கு ஒரு பரிகாரம் உண்டு, பரஸ்தானம் என்று பெயர். அந்த மாதம் பிறப்பதற்கு முன்பே நல்ல நாளாகப் பார்த்து, பயணப்படுகிறவர் தம் துணிமணியில் சிலவற்றை அரிசி, மஞ்சளோடு முடிந்து, போகிற திசையில் ஊர் எல்லைக்கு வெளியே இன்னொருவர் வீட்டில் வைத்துவிட வேண்டும். வைத்த நேரமே புறப்பட்ட நேரம். ஆள் பிறகு எப்போது கிளம்பினாலும் தோஷமில்லை.

கோமதியின் வீட்டில் இதற்கு மேலும் ஒரு விதி இருந்தது. வைத்த மூட்டையைப் பயணம் போகாமல் வீட்டுக்குத் திருப்பி எடுத்து வரக்கூடாது. வந்தால், யாரைப் பார்க்கப் புறப்பட்டோமோ அவர்களுக்கு ஆகாது.

விஷு வருஷம், அந்த 1941 கார்த்திகையில் ஒரு வெள்ளிக்கிழமை அவள் மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூருக்கு நடந்து, ஸ்டேஷனுக்குப் போகிற வழியில் இருக்கும் ஞானம்மாள் வீட்டில் வைத்துவிட்டு வந்தாள். உள்ளே ஒரு சேலை, ஒரு பிடி அரிசி, ஒரு கிழங்கு மஞ்சள், முத்தையாவுக்கு ஒரு சட்டை. பிள்ளையின் அளவு அவளுக்குத் தெரியாது. பக்கத்து வீட்டுத் தெலுங்குக்காரர் மகன் சீனி, முத்தையா பிறந்த அதே மாதத்தில் பிறந்தவன். சீனியை நிறுத்தி அளவெடுத்துத் தைத்திருந்தாள்.

அந்தக் கார்த்திகை முடிவதற்குள் ஜப்பான் யுத்தத்தில் இறங்கியது. கப்பலில் பெண்களை ஏற்றுவதில்லை என்று சொல்லிவிட்டார்கள். கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் முன்பு ரங்கூனில் முதல் குண்டு விழுந்தது. அவளை வரவேற்க நான் லீவு போட்டிருந்த நாள் அது.

4

தை மாதத்தில் எங்கள் சந்தில் பாதி வீடு பூட்டிக் கிடந்தது. ஊருக்குப் போய்விடலாம் என்று முத்தையாவிடம் சொன்னேன். அவன் தன் சிநேகிதன் குடும்பத்தோடு வடக்கே ப்ரோம் பட்டணத்துக்கு அப்பால் ஒரு கிராமத்துக்குப் போவதாகச் சொன்னான். சட்டி பானை ஏற்றிய மாட்டுவண்டி தெருமுனையில் நின்றது.

"நம்ம ஊருக்கு வாப்பா."

"அது உங்க ஊர், ஐயா. எனக்கு அங்க யாரைத் தெரியும்?"

"அம்மாவைத் தெரியாதா?"

"போட்டோவில தெரியும்" என்றான். கேலியாகச் சொல்லவில்லை. அனுமதிச் சீட்டுக்கு எடுத்த போட்டோவின் ஒரு பிரதி எனக்கு வந்திருந்தது. அதை அவன் சட்டைப்பையிலிருந்து எடுத்துக் காட்டினான். எப்போது எடுத்துக்கொண்டான் என்று எனக்குத் தெரியாது. "சண்டை முடியட்டும். அவங்களை வரச் சொல்லுங்க. ஏரிக்கு நான் கூட்டிட்டுப் போறேன்னு சொன்னேன் இல்ல?"

அம்மா என்று சொல்லாமல் அவங்க என்று சொன்னதை நான் கவனித்தேன். அவனுக்குப் பதினேழு வயது முடிந்திருந்தது. என்னைவிட அரைச் சாண் குட்டை.

மாசியில் பட்டணம் காலியாயிற்று. மற்றவர்களோடு சேர்ந்து நானும் மலை தாண்டி இந்தியாவுக்கு நடந்தேன். அந்த நடையைப் பற்றி எழுதியவர்கள் பலர்; நான் எழுதப் போவதில்லை. வழியில் செத்துக் கிடந்தவர்களின் கால்களைப் பார்த்துக்கொண்டே வந்தேன், முகத்தைப் பார்க்கவில்லை என்பதை மட்டும் சொல்லலாம்.

ராஜபாளையம் வந்து சேர்ந்தபோது சித்திரபானு வருஷம் வைகாசி; 1942. கோமதி வாசலுக்கு வந்தாள். என்னைப் பார்த்தாள். பிறகு எனக்குப் பின்னால் தெருவைப் பார்த்தாள்.

"அவன் பொறவு வாரானா?"

"வாரான்."

5

நாலு வருஷம் ஊரில் இருந்தேன். பஞ்சுப் பொதி அடுக்கும் கிட்டங்கி ஒன்றில் கணக்கு எழுதினேன். ஒவ்வொரு கார்த்திகையிலும் கோமதி ஸ்ரீவில்லிபுத்தூருக்கு நடந்துபோய் மூட்டையைப் பிரித்து, சேலையை வெயிலில் காயப்போட்டு, அரிசியும் மஞ்சளும் மாற்றி, மறுபடி கட்டி வைத்துவிட்டு வருவாள். சட்டையையும் மாற்றுவாள். சீனி வளர வளர அவன் அளவுக்குப் புதிதாக ஒன்று தைத்து மூட்டையில் வைப்பாள். எடுத்த பழைய சட்டையை, வீணாகக் கூடாது என்று, சீனிக்கே கொடுத்துவிடுவாள். அதனால் அந்த வருஷங்களில் என் மகனின் சட்டைகள் எங்கள் தெருவில் நடமாடிக்கொண்டிருந்தன. கிட்டங்கியிலிருந்து வரும்போது தூரத்தில் சீனி வருவதைக் கண்டால் வேறு தெரு வழியாகத் திரும்பிவிடுவேன்.

1946 சித்திரையில் ஆலை திறந்துவிட்டதாகத் தகவல் வந்தது. நான் மறுபடி ரங்கூன் போனதற்கு வேலை ஒரு சாக்கு. ப்ரோமுக்கு அப்பால் அந்தக் கிராமத்தைக் கண்டுபிடித்தேன். சிநேகிதனின் தாயார் எனக்குச் சோறு போட்டாள். நான் சாப்பிட்டுக் கை கழுவிய பிறகுதான் சொன்னாள். போன வருஷம் மழைக்கு முன்னால் ஜப்பான் பட்டாளம் பின்வாங்கியபோது சுமை தூக்க வாலிபர்களைப் பிடித்துப் போனார்களாம். அவள் மகனையும் முத்தையாவையும் ஒன்றாகத்தான் கொண்டுபோனார்கள். ஆற்றங்கரையில் பிரித்துவிட்டார்கள். அவள் மகன் திரும்பி வந்தான். முத்தையாவைச் சேர்த்த கூட்டத்தில் ஒருவரும் வரவில்லை. வருவதை யாரும் பார்க்கவில்லை, செத்ததையும் யாரும் பார்க்கவில்லை.

ரங்கூனில் காணாமற்போனவர்களைப் பதிவு செய்யும் அலுவலகம் ஒன்று இருந்தது. இந்தியருக்கு ஒரு ஜன்னல், பர்மியருக்கு ஒரு ஜன்னல். இந்திய ஜன்னலில் முத்தையா என்று சொன்னேன். பர்மாவை விட்டுப் புறப்பட்டவர்கள் பட்டியலில்தான் தேட முடியும், அவர் புறப்படவே இல்லையே என்றார்கள். பர்மிய ஜன்னலில் மாங் டின் என்று சொன்னேன். அந்தப் பெயரில் எத்தனையோ பேர் இருந்தார்கள். தகப்பன் பெயர் கேட்டார்கள். சொன்னேன். எழுதிக்கொண்டிருந்தவர் பேனாவை வைத்துவிட்டு, "அப்படியானால் அடுத்த ஜன்னல்" என்றார்.

இரண்டு ஜன்னலுக்கும் நடுவில் ஒரு பெஞ்சு கிடந்தது. அதில் அன்று சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தேன்.

6

அந்த வருஷக் கார்த்திகையில் லீவு எடுத்து ஊருக்குப் போனேன். சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனேன். மூட்டையைப் பார்க்கக் கோமதி புறப்பட்டபோது நானும் வருகிறேன் என்றேன். போகும் வழியில் சொல்லலாம், திரும்பும்போது அவளே அதைக் கையில் எடுத்துக்கொள்வாள் என்று நினைத்தேன்.

விடிகிற நேரத்தில் நடக்கத் தொடங்கினோம். மலைப்பக்கமிருந்து சில்லென்று காற்று வந்தது. செண்பகத்தோப்பு மலைக்கு மேலே மேகம் அப்பிக் கிடந்தது. எங்களைத் தாண்டி ஒரு பஸ் போனது. அவள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, அந்தப் புழுதி அடங்கும் வரை நின்றாள்.

"ரங்கூன்ல நெசமாவே வண்டி ஏறாம நடந்தே எல்லாம் பாத்துரலாமா?" என்று கேட்டாள்.

"பாத்துரலாம்."

"அந்த ஏரி எம்புட்டுத் தூரம்?"

"நம்ம வீட்டுல இருந்து சஞ்சீவி மலை அடிவாரம் வரைக்கும் இருக்கும்."

"அம்புட்டுத்தானா" என்றாள். "அவன் வேகமா நடப்பானோ, மெள்ள நடப்பானோ."

அந்த இடத்தில் சொல்லியிருக்க வேண்டும். நான் மலைப்பக்கம் பிரிகிற ரோட்டைக் காட்டி, வண்டிப்பாதையாக இருந்தது இப்போது எப்படி அகலமாகிவிட்டது என்று சொன்னேன்.

ஞானம்மாள் எங்களைக் கண்டதும் சிரித்தாள். "வாங்க அண்ணாச்சி. ரங்கூன்காரரையும் நடத்தியா கூட்டிட்டு வந்த? ஏட்டி, ஒனக்கு எரக்கம் கெடையாதா?"

"அவியளே வாரேன்னாக" என்றாள் கோமதி.

"நாள் கெழமை பாக்கக் கூடாதுன்னு எங்க போதகர் ஐயா கோயில்ல சொல்லுதாரு. அவரு வீட்டுக்கு வந்தா ஒன் மூட்டைய அரிசிப் பானைக்குப் பின்னால ஒளிச்சு வைக்கேன். ஒன்னால நான் கர்த்தருக்குத்தான் கணக்குச் சொல்லணும்."

"சொல்லு. ஒனக்கென்ன, பேசத்தான தெரியும்."

மூட்டையைக் கொண்டுவந்தாள். கோமதி தரையில் உட்கார்ந்து பிரித்தாள். சேலை மடித்த இடமெல்லாம் வெளுத்திருந்தது. போன வருஷச் சட்டையை எடுத்து உதறி, தான் கொண்டுபோயிருந்த புதுச் சட்டையை அதன்மேல் வைத்து அளந்து பார்த்தாள். தோள் இரண்டு விரல்கடை கூடியிருந்தது. அது அவளுக்குத் திருப்தியாக இருந்தது என்று முகத்தில் தெரிந்தது.

அவள் அரிசி கழுவக் கொல்லைப்பக்கம் போனபோது ஞானம்மாள் தணிந்த குரலில் கேட்டாள். "பிள்ள இருக்கானா அண்ணாச்சி?"

தெரியவில்லை என்று தலையை அசைத்தேன். கிராமத்தில் கேட்டதை இரண்டு வார்த்தையில் சொன்னேன்.

அவள் கொல்லைப்பக்கம் ஒருமுறை எட்டிப் பார்த்தாள். "அப்ப இன்னிக்கி அவ கையில குடுத்து விட்டுரட்டா? நான் வச்சிருக்கது மனசுக்குக் கஷ்டமா இருக்கு. ஒவ்வொரு வருசமும் சட்டை பெருசாகுது."

"சொல்லத்தான் வந்தேன்."

"சொல்லுங்க, நான் பக்கத்துல இருக்கேன்."

கோமதி ஈரக் கையோடு வந்தாள். எங்கள் இருவரையும் மாறிமாறிப் பார்த்தாள். உட்கார்ந்து, புதுச் சட்டையை மடித்து, சேலைக்கு அடியில் வைத்து, முடிச்சுப் போட்டாள். இறுக்கிப் போட்டாள். பிறகு மூட்டையை ஞானம்மாளிடம் நீட்டினாள்.

"எப்பப் பயணம்னு அவியள்ட்ட கேளு."

ஞானம்மாள் கேட்கவில்லை. வாங்கவும் இல்லை. கோமதியின் கை நீண்டபடியே இருந்தது. என்னை நிமிர்ந்து பார்த்தாள். வைகாசியில் வாசலில் நின்று எனக்குப் பின்னால் தெருவைப் பார்த்தாளே, அதே பார்வை.

"தை பிறக்கட்டும்" என்றேன்.

ஞானம்மாள் மூட்டையை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். வெகுநேரம் வெளியே வரவில்லை.

7

அந்தத் தையில் நான் மட்டும் ரங்கூனுக்குத் திரும்பினேன். கோமதி ஒன்றும் கேட்கவில்லை. அதற்கப்புறம் இந்தக் கார்த்திகைக் கடைசியில் ஒரு கார்டு வந்தது. அவள் சொல்லச் சொல்ல யாரோ எழுதியது. சீனி பம்பாய்க்கு வேலைக்குப் போய்விட்டானாம். சட்டைக்கு அளவெடுக்க ஆளில்லை. ரங்கூனில் மார்கழியில் குளிரும் என்று நீங்கள் சொன்னதால் முழுக்கை வைக்கலாமா, மார்பும் தோளும் எவ்வளவு என்று எழுதவும்.

அளவு இல்லை என்று ஒரு வரி எழுதினால் போதும். அவள் புரிந்துகொள்வாள். ஸ்ரீவில்லிபுத்தூருக்கு நடந்துபோய் மூட்டையை வாங்கிக்கொண்டு, தனியாக அந்த ஏழு மைல் திரும்பி நடப்பாள். அந்த வரியை எழுத ஒரு கார்டை எடுத்து வைத்தேன்; பல நாளாக அது அப்படியே கிடந்தது.

இன்று ஏரி வரைக்கும் நடந்து திரும்பும்போது மொகல் தெருவில் தையற்கடை திறந்திருந்தது. கடைக்காரர் எங்கள் பக்கத்துச் சுந்தரபாண்டியத்துக்காரர், காதர் பாய். யுத்தத்துக்கு முன்பே பழக்கம்.

"வாங்க அண்ணாச்சி, உங்களுக்கா?"

"மகனுக்கு. ஊர்ல அவன் அம்மா தைக்குதா. அளவு மட்டும் வேணும்."

"தம்பி எங்க?"

"அவன் என் உயரம் வந்திருப்பான் பாய். என்னையே அளந்து குடுங்க."

அவர் டேப்பை எடுத்துக்கொண்டு என் முன்னால் வந்தார். தோளை அளந்தார். கையை அளந்தார். "முழுக்கையா, அரைக்கையா?"

"முழுக்கை."

"ஆளைக் கூட்டிட்டு வந்தா இன்னும் சரியா இருக்கும்" என்றார். "எப்ப வாராரு?"

"தை பிறக்கட்டும்" என்றேன். முதல் தடவை சொன்னபோது இருந்த தடங்கல் இந்தத் தடவை இல்லை.

மார்பைச் சுற்றி டேப்பைக் கொண்டுவந்தவர் நிறுத்தினார்.

"இப்படி நெஞ்ச விறைச்சுக்கிட்டு நின்னா அளவு தப்பாப் போயிரும் அண்ணாச்சி. மூச்சை விடுங்க."